அடர் கரைசலை நீர்க்கச் செய்வது எப்படி?

மாணவர்களின் செய்முறை வகுப்புக்கு வேண்டிய கரைசல்களைத் தயாரித்து வைப்பது என் வேலை. அடர் அமிலப் புட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து, தண்ணீர் சேர்த்து, வேண்டிய செறிவுக்குக் கொண்டுவருவது பார்வைக்கு மிகச் சாதாரணமாகத் தெரியும். ஆனால் டைட்ரேஷனில் (செறிவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் செறிவைக் கண்டறியும் முறை) விடை தப்பி வரும்போது காரணத்தைத் தேடிக்கொண்டு போனால், பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வந்து நிற்போம்.

கணக்குத் தெரியாமல் தப்புகிறவர்கள் குறைவு. சூடு ஆறுவதற்கு முன்பே குடுவையின் கோடு வரை நிரப்பிவிடுவதும், நிரப்பிய பிறகு ஒழுங்காகக் கலக்காமல் விடுவதும்தான் அதிகம். அதனால் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிட்டு, கைவேலைக்கு அதிக இடம் கொடுக்கிறேன்.

கணக்கு

நீர்க்கச் செய்யும்போது கரைபொருள் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. கரைப்பான் மட்டும்தான் கூடுகிறது. ஆகவே,

கையில் உள்ள செறிவு × எடுக்க வேண்டிய கனஅளவு = வேண்டிய செறிவு × வேண்டிய மொத்தக் கனஅளவு

மோலார் என்பது ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் (பொருளின் அளவுக்கான அலகு) கரைபொருள் இருக்கிறது என்ற கணக்கு. 12 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலிருந்து 0.1 மோலார் கரைசல் 1 லிட்டர் வேண்டும் என்றால், 0.1 × 1000 ÷ 12 = 8.3 மி.லி. எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

இதில் ‘மொத்தக் கனஅளவு’ என்பதைக் கவனிக்க வேண்டும். 8.3 மி.லி. அமிலத்தோடு 991.7 மி.லி. தண்ணீரை அளந்து சேர்ப்பதில்லை. அமிலம் சேர்ந்த பிறகு மொத்தம் 1000 மி.லி. கோட்டைத் தொடும்வரை தண்ணீர் விடுகிறோம். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் திரவங்கள் கலக்கும்போது கனஅளவுகள் அப்படியே கூட்டலாக வருவதில்லை. 50 மி.லி. எத்தனாலையும் 50 மி.லி. தண்ணீரையும் கலந்தால் 100 மி.லி. கிடைக்காது, 96, 97 மி.லி. அளவில்தான் நிற்கும். மிக நீர்த்த கரைசலில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, அடர்த்தியான கரைசலில் நன்றாகவே தெரியும்.

இன்னொரு குழப்பம், ‘1:10’ என்று எழுதும் வழக்கம். சிலர் இதை ஒரு பங்கு கரைசலுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் என்று படிக்கிறார்கள், மொத்தம் பதினொரு பங்கு ஆகிவிடும். வேறு சிலர் மொத்தம் பத்துப் பங்கில் ஒரு பங்கு என்று படிக்கிறார்கள். இரண்டுக்கும் பத்து சதவீதம் வித்தியாசம். நான் எந்தக் குறிப்பிலும் இந்த விகிதத்தை எழுதுவதில்லை. ‘10 மி.லி. எடுத்து 100 மி.லி. ஆக்குக’ என்று எழுதிவிட்டால் சண்டையே இல்லை.

சரி, அந்த 12 மோலார் எங்கிருந்து வந்தது? புட்டி லேபிளில் பெரும்பாலும் மோலாரிட்டி இருக்காது. சதவீதமும் அடர்த்தியும் இருக்கும். அந்தச் சதவீதம் எடைக்கு எடை. எனவே ஒரு லிட்டர் கரைசலின் எடையைக் கண்டுபிடித்து, அதில் அமிலத்தின் பங்கை எடுத்து, மோலார் நிறையால், அதாவது ஒரு மோலின் எடையால், வகுக்க வேண்டும். கந்தக அமிலத்துக்கு அடர்த்தி மி.லி.க்கு 1.84 கிராம், தூய்மை 98 சதவீதம், மோலார் நிறை 98.08. ஆகவே 1840 × 0.98 ÷ 98.08 = 18.4 மோலார். அடர்த்தியைப் பெருக்க மறந்தால் 10 மோலார் என்று வரும், ஏறக்குறைய பாதி. அதை நம்பித் தயாரிக்கும் கரைசல் இரண்டு மடங்கு வீரியமாக இருக்கும்.

அடிக்கடி கையாளும் மற்றவை: 37 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் 12 மோலார், 70 சதவீத நைட்ரிக் அமிலம் 15.7, நீரற்ற அசிட்டிக் அமிலம் 17.4, 28 சதவீத அம்மோனியாக் கரைசல் 14.8, எடையில் பாதிக்குப் பாதி சோடியம் ஹைட்ராக்சைடு உள்ள கரைசல் சுமார் 19. இவை வழக்கமான மதிப்புகள். உங்கள் கையில் இருக்கும் புட்டியின் லேபிளைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள், ஏனென்றால் 35 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ‘அடர்’ என்ற பெயரில்தான் வருகிறது.

பழைய குறிப்பேடுகளில் நார்மாலிட்டி (வினையில் பங்கேற்கும் திறனைக் கொண்டு செறிவைச் சொல்லும் அளவு) இருந்தால் அதையும் பாருங்கள். முழு நடுநிலையாக்கலுக்குப் பயன்படும்போது 0.1 நார்மல் கந்தக அமிலம் என்பது 0.05 மோலார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு இரண்டும் ஒரே எண் என்பதால், அந்தப் பழக்கத்தில் கந்தக அமிலத்துக்கும் அப்படியே எடுத்துவிடுவார்கள்.

அமிலம் தண்ணீருக்குள் போக வேண்டும்

கந்தக அமிலத்தை எடுத்துக்கொள்வோம். மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் கவனம் அதிகம் தேவை.

தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது என்று எல்லோருக்கும் மனப்பாடம். ஏன் என்று கேட்டால்தான் தயங்குகிறார்கள். அமிலம் தண்ணீரோடு சேரும்போது ஏராளமாக வெப்பம் வெளிப்படுகிறது. அமிலத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அமிலத்தின் மேல் தண்ணீரை விட்டால் அது மேலேயே மிதக்கும். தொடும் இடத்தில் உண்டாகும் சூடு முழுக்க அந்தக் கொஞ்சம் தண்ணீரிலேயே ஏறி, அது அங்கேயே கொதித்து, அமிலத்தையும் வாரிக்கொண்டு மேலே தெறிக்கும். தண்ணீரில் அமிலத்தை விட்டால், அமிலம் அடிநோக்கி இறங்குகிறது. சூட்டை வாங்கிக்கொள்ளச் சுற்றிலும் நிறையத் தண்ணீர் இருக்கிறது. ஆனால் கலக்காமல் மொத்தமாகக் கொட்டினால் இந்த நன்மை போய்விடும். அமிலம் அடியில் தனி அடுக்காகத் தங்கி, பிறகு ஒரு குலுக்கலில் முழுச் சூடும் ஒரேயடியாக வெளியே வரும். ஆகவே விதியின் இரண்டாவது பாதியையும் சேர்த்தே மனத்தில் வையுங்கள்: சிறிது சிறிதாக, கலக்கிக்கொண்டே.

1 மோலார் கந்தக அமிலம் 500 மி.லி. தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம். 1 × 500 ÷ 18.4 = 27.2 மி.லி. அமிலம் வேண்டும்.

முதலில் கண்ணாடி. கண்களைப் பக்கவாட்டிலும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் புட்டி மூடியைத் திறக்க வேண்டாம். பிறகு ஆய்வகக் கோட்டு, மூடிய காலணி, கையுறை. வகுப்பில் கிடைக்கும் மெல்லிய நைட்ரைல் கையுறை அடர் கந்தக அமிலத்தையும் அடர் நைட்ரிக் அமிலத்தையும் அதிக நேரம் தாங்காது. அது ஒரு துளி பட்டால் கழற்றி எறிய அவகாசம் தரும் அளவுக்குத்தான். அதிகமாகக் கையாள வேண்டியிருந்தால் தடித்த நியோப்ரீன் கையுறை போடுங்கள். அருகில் தண்ணீர்க் குழாயும் கண் கழுவும் அமைப்பும் எங்கே இருக்கின்றன என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். தோலில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடமாவது கழுவ வேண்டும், அமிலம் பட்ட துணியையும் கழற்றிவிட வேண்டும். காரத்தைப் போட்டுத் தோலிலேயே நடுநிலையாக்க முயல வேண்டாம், அந்த வினையும் சூடு தரும். மேசையில் சிந்தியதற்குச் சோடியம் பைகார்பனேட் சரி.

போரோசிலிகேட் கண்ணாடியால் ஆன 1 லிட்டர் பீக்கரில் சுமார் 300 மி.லி. காய்ச்சி வடித்த நீரை எடுத்து, பனிக்கட்டி போட்ட தொட்டியில் உட்கார வையுங்கள். அமிலத்தை உலர்ந்த அளவு ஜாடியில் அளங்கள். புட்டியைப் பிடிக்கும்போது லேபிள் உள்ளங்கைப் பக்கம் இருக்கட்டும். அப்போதுதான் வாயிலிருந்து வழியும் துளி எழுத்தை அரிக்காது.

இப்போது கண்ணாடிக் கோலை பீக்கரில் சாய்த்து, அதன் வழியே அமிலத்தை மெல்லிய இழையாக விடுங்கள். வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால் நிறமே இல்லாத அந்த அமிலம் தண்ணீருக்குள் நெளிந்து இறங்குவது தெரியும். கோடை வெயிலில் தரைக்குமேல் காற்று நெளிவதுபோல் இருக்கும். அந்த நெளிவு தெரியும்வரை கலவை இன்னும் ஒன்றாகவில்லை. கலக்கி, நெளிவு மறைந்த பிறகு அடுத்த பகுதியை விடுங்கள். நடுவில் பீக்கரின் வெளிப்புறத்தைக் கையுறை போட்ட கையால் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் நிறுத்திக் காத்திருங்கள். 1 மோலார் அளவுக்கு நீர்க்கும்போதே வெப்பநிலை 15 டிகிரி செல்சியசுக்கு மேல் உயரும். 6 மோலார் தயாரிக்கும்போது குளிர்விக்காமல் விட்டால் கொதிநிலையை நெருங்கிவிடும்.

இந்த வேலையை நேராகத் திட்டக் குடுவையில் செய்யக் கூடாது. ஸ்டாண்டர்டு பிளாஸ்க் என்று எல்லோரும் சொல்கிறோமே, கழுத்தில் ஒற்றைக் கோடு போட்டது, அது கனஅளவைத் துல்லியமாகக் காட்டச் செய்தது. அதில் சூட்டை ஏற்றுவது முறையல்ல. தடித்த அடி கொண்ட அளவு ஜாடியிலும் புட்டியிலும் செய்தால் சூட்டில் விரிசலே விடலாம்.

ஆற விடுவது

இங்கேதான் அவசரப்படுகிறார்கள். பீக்கரில் இருப்பதைக் குடுவைக்கு மாற்றி, பீக்கரை இரண்டு மூன்று முறை கழுவி அதையும் சேர்த்து, கோடு வரை நிரப்பிவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம். கரைசல் இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும்.

திட்டக் குடுவையின் கோடு 20 டிகிரிக்கு என்று போடப்பட்டது, குடுவையிலேயே அச்சிட்டிருக்கும். தண்ணீரையே எடுத்துக்கொண்டாலும், 40 டிகிரியில் 1 லிட்டர் குடுவையைக் கோடு வரை நிரப்பி 20 டிகிரிக்கு ஆற விட்டால், மட்டம் சுமார் 6 மி.லி. கீழே இறங்கிவிடும். அதாவது கரைசல் 0.6 சதவீதம் செறிவு கூடிவிட்டது. டைட்ரேஷனில் அதைக் கண்டுபிடித்துவிடலாம். 30 டிகிரியில் நிரப்பினால்கூட 2.5 மி.லி. குறையும். எனவே பீக்கரிலேயே அறை வெப்பநிலைக்கு வரும்வரை விட்டுவைத்து, அப்புறம் குடுவைக்கு மாற்றுங்கள். நான் பெரும்பாலும் காலையில் அமிலத்தைத் தண்ணீரில் விட்டு மூடி வைத்துவிட்டு, வேறு வேலைகளை முடித்துக்கொண்டு வந்து கோட்டுக்கு நிரப்புவேன். சூடு ஆறியதா என்பதைத் தெர்மாமீட்டர் சொல்ல வேண்டும். கண்ணாடி வெளியே குளிர்ந்திருக்கும்போது உள்ளே சூடு மிச்சம் இருக்கும்.

சோடியம் ஹைட்ராக்சைடுக்கும் இதே பொறுமை தேவை. அதன் அடர் கரைசலும் நீர்க்கும்போது சூடாகும். கண்ணில் பட்டால் அமிலத்தைவிட ஆழமாகப் போய்ப் பாதிக்கும். காரம்தானே என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேலை செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

பிப்பெட்

வகுப்பில் அதிகம் செய்வது, ஏற்கெனவே தயாரித்த ஒரு நடுத்தரக் கரைசலிலிருந்து பிப்பெட்டில் (குறித்த கனஅளவை உறிஞ்சி எடுக்கும் கண்ணாடிக் குழாய்) எடுத்துக் குடுவையில் நீர்ப்பது. சூடு பிரச்சினை இதில் இல்லை. அதற்குப் பதிலாக வேறு கவனங்கள்.

எதை எதனால் அலசுவது? பிப்பெட்டை, எடுக்கப்போகும் அதே கரைசலால் அலச வேண்டும். உள்ளே தண்ணீர் ஒட்டியிருந்தால் எடுக்கும் கரைசல் அங்கேயே நீர்த்துவிடும். திட்டக் குடுவையை வடிநீரால் மட்டும் அலச வேண்டும். அதற்குள் எப்படியும் தண்ணீர்தான் போகப்போகிறது, ஆகவே ஈரமாக இருந்தாலும் கவலையில்லை. ஆனால் கரைசலால் அலசினால் கணக்கில் வராத கரைபொருள் அதில் ஒட்டிக்கொள்ளும். இதை மாற்றிச் செய்வதை அடிக்கடி பார்க்கிறேன்.

பிப்பெட்டை மூலப் புட்டிக்குள் விட வேண்டாம். தேவையானதைவிடச் சற்று அதிகமாக ஒரு சிறிய உலர்ந்த பீக்கரில் ஊற்றி, அதிலிருந்து எடுங்கள். மிஞ்சியதைத் திரும்பப் புட்டியில் ஊற்றுவதும் கூடாது. வீணாகிறதே என்று மனம் கேட்காதுதான். ஆனால் ஒரு புட்டி முழுவதையும் கெடுப்பதைவிட 5 மி.லி. போனால் பரவாயில்லை. வாயால் உறிஞ்சுவது எந்தச் சூழ்நிலையிலும் கிடையாது, ரப்பர் பல்ப் இருக்கிறது.

கோட்டுக்கு மேலே இழுத்து, நுனியின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, அதன் பிறகு கோட்டுக்கு இறக்குங்கள். இந்த வரிசை முக்கியம். கோட்டுக்கு இறக்கிய பின் துடைத்தால் நுனிக்குள் இருப்பதையும் காகிதம் உறிஞ்சிக்கொள்ளும். குடுவைக்குள் விடும்போது பிப்பெட் செங்குத்தாகவும் நுனி குடுவைச் சுவரைத் தொட்டபடியும் இருக்கட்டும். தானாக வடிந்து முடிந்ததும் சில நொடிகள் காத்து எடுத்துவிடுங்கள். நுனியில் தங்கும் கடைசிச் சொட்டை ஊதித் தள்ள வேண்டாம். அதைக் கழித்துத்தான் அந்தப் பிப்பெட்டின் கோட்டைப் போட்டிருக்கிறார்கள். ஊதித் தள்ள வேண்டிய வகையும் உண்டு. அதன் மேல்முனையில் பொதுவாக அடையாள வளையம் போட்டிருக்கும், எடுக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த அளவுப் பிப்பெட்டை எடுப்பது என்பதிலும் யோசனை வேண்டும். ஏ வகுப்பு (அதிகத் துல்லியமான வகை) 10 மி.லி. பிப்பெட்டில் அனுமதிக்கும் பிழை 0.02 மி.லி., அதாவது 0.2 சதவீதம். 1 மி.லி. பிப்பெட்டில் இந்தச் சதவீதம் அரையைத் தாண்டிவிடும். ஆகவே பத்து மடங்கு நீர்ப்பதற்கு 1 மி.லி. எடுத்து 10 மி.லி. ஆக்குவதைவிட, 10 மி.லி. எடுத்து 100 மி.லி. ஆக்குவது நல்லது. கொஞ்சம் வடிநீர் கூடச் செலவாகும், அவ்வளவுதான்.

ஆயிரம் மடங்கு நீர்க்க வேண்டும் என்றால்? உலோக அயனிகளின் மூலக் கரைசல் லிட்டருக்கு 1000 மி.கி. என்ற அளவில் வரும். வேண்டியது லிட்டருக்கு 1 மி.கி. ஒரே தாண்டலில் 0.1 மி.லி. எடுத்து 100 மி.லி. ஆக்கினால், அந்த 0.1 மி.லி.யை நம்ப முடியாது. மூன்று படியாகப் போங்கள். ஒவ்வொரு முறையும் 10 மி.லி. எடுத்து 100 மி.லி.; முதலில் 100, பிறகு 10, பிறகு 1. படிகள் கூடக்கூடப் பிழையும் சேரும் என்பது உண்மைதான். ஆனால் மூன்று சிறிய பிழைகள் சேர்ந்தாலும் அந்த ஒரு பெரிய பிழையை எட்டாது. ஒவ்வொரு படியையும் முழுமையாகக் கலந்த பிறகே அடுத்ததற்கு எடுக்க வேண்டும், முதல் படியில் விட்ட குறை கடைசிவரை கூடவே வரும். இந்த உலோகக் கரைசல்களை வெறும் தண்ணீரால் நீர்க்காமல், 1 அல்லது 2 சதவீத நைட்ரிக் அமிலத்தால் நீர்ப்பதே வழக்கம். மிகக் குறைந்த செறிவில் அயனிகள் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டு கரைசலிலிருந்து குறைந்துவிடும். அமிலம் அதைத் தடுக்கிறது.

கோடு வரை நிரப்புவதும் கலப்பதும்

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது பொட்டாசியம் பெர்மாங்கனேட். 0.02 மோலார் கரைசலில் 10 மி.லி. எடுத்து 100 மி.லி. ஆக்கச் சொல்வேன். நிறம் இருப்பதால், நிறமற்ற கரைசல்களில் மறைந்திருக்கும் எல்லாமே இதில் வெளியே தெரிந்துவிடும்.

குடுவையின் அடியில் 10 மி.லி. கருஊதாவாகக் கிடக்கும். சுவரோரமாக மெல்லத் தண்ணீர் விட்டால், அது ஊதாவின் மேல் ஏறி உட்காரும். அடியில் கருமை, நடுவில் இளஞ்சிவப்பு, மேலே ஏறக்குறைய நிறமே இல்லை. முக்கால் குடுவை வந்ததும் நிறுத்தி, மூடி போடாமல் குடுவையை வட்டமாகச் சுழற்றச் சொல்வேன். நிறம் ஒன்றாகும். இந்த முன்கலப்பை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். கலக்கும்போது கனஅளவில் வரக்கூடிய மாற்றம் கோட்டுக்கு வரும் முன்பே நடந்து முடிய வேண்டும், அதற்காகத்தான் இது.

பிறகு கோட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே வரை தண்ணீர். அங்கே சற்று நிறுத்தினால் கழுத்துச் சுவரில் ஒட்டிய நீர் இறங்கிவிடும். கோட்டுக்கு மேலே துளிகள் நின்றால் சுருட்டிய வடிதாளால் ஒற்றி எடுங்கள். மீதியைச் சொட்டுக் குழாயால் (டிராப்பர்) சொட்டுச் சொட்டாக விடுங்கள். கோடு கண்மட்டத்தில் இருக்க வேண்டும். கழுத்தைச் சுற்றிப் போட்ட கோட்டின் முன்பகுதியும் பின்பகுதியும் ஒன்றாகத் தெரிந்தால் கண் சரியான உயரத்தில் இருக்கிறது என்று பொருள். நீர்மட்டத்தின் அடிவளைவு அந்தக் கோட்டில் உட்கார வேண்டும். கருநிறக் கரைசலில் அடிவளைவு தெரியாது, அதில் மேல்விளிம்பைப் பார்ப்பார்கள்.

ஒரு சொட்டு அதிகமாகி மட்டம் கோட்டைத் தாண்டிவிட்டால், பிப்பெட்டால் உறிஞ்சி எடுத்துச் சரிசெய்ய முடியாது. எடுப்பது வெறும் தண்ணீர் அல்ல, கரைபொருளும் சேர்ந்துதான் வரும். கீழே கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும், வேறு வழியில்லை.

இப்போது பெர்மாங்கனேட் குடுவையின் கழுத்தைப் பாருங்கள். கடைசியாக விட்ட தண்ணீர் அங்கே வெளிறி நிற்கும். மூடியை அழுத்திப் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்த்தால், காற்றுக் குமிழி கழுத்திலிருந்து உடலுக்கு ஏறும். ஊதாக் கரைசல் கழுத்துக்குள் இறங்கும். திரும்ப நிமிர்த்தினால் கழுத்தில் இன்னும் வெளிறிய இழைகள் தெரியும். ஒரு தடவை கவிழ்த்தது போதாது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. ஒவ்வொரு தடவையும் குமிழி முழுவதுமாக மேலே ஏறும்வரை காத்து, தலைகீழாக இருக்கும்போதே ஒரு சுழற்று சுழற்றி, நிமிர்த்துங்கள். குறைந்தது பதினைந்து முறை. பக்கவாட்டில் குலுக்கிப் பயனில்லை. குடுவையின் வயிறு நிரம்பியிருக்கிறது, கழுத்தோ குறுகல், குலுக்கினால் கழுத்தில் இருப்பது கழுத்திலேயே நிற்கும்.

நிறமற்ற அமிலத்தில் இதே வெளிறிய கழுத்து இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. வகுப்பில் கரைசலை முதலில் வாங்கியவருக்கு ஒரு விடை, கடைசியில் வாங்கியவருக்கு வேறு விடை என்று வந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது கலக்கலைத்தான். எல்லோருக்கும் ஒரே பக்கமாக விலகியிருந்தால், சூட்டோடு நிரப்பியதையோ கணக்கையோ பார்க்க வேண்டும்.

வெறும் தண்ணீர் ஒத்துவராதவை

எல்லாக் கரைசலும் தண்ணீரை விட்டால் அமைதியாக நீர்த்துவிடுவதில்லை. பிஸ்மத் குளோரைடுக் கரைசலில் தண்ணீரை விட்டால் வெள்ளை வீழ்படிவு வந்துவிடும், பிஸ்மத் ஆக்சிகுளோரைடு. வெள்ளீய குளோரைடும் கலங்கும். இவற்றை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால்தான் நீர்க்க வேண்டும். ஃபெரிக் உப்புகளுக்கும் கொஞ்சம் அமிலம் இருந்தால்தான் நாளடைவில் பழுப்பாகிப் படியாமல் இருக்கும். வெள்ளி நைட்ரேட்டுக்குக் குழாய்த் தண்ணீரை விட்டால் அதில் உள்ள குளோரைடு உடனே பால்போல் கலங்க வைக்கும். நல்ல வடிநீர் வேண்டும், பழுப்புப் புட்டி வேண்டும்.

காப்பர் குளோரைடு தனி அழகு. அடர் கரைசல் பச்சை, தண்ணீர் விட்டுக்கொண்டே போனால் நீலமாகிறது. செம்பு அயனியைச் சூழ்ந்திருந்த குளோரைடுகளின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. நம் கணக்கு சொல்வது மொத்தச் செம்பின் அளவை மட்டும். அது என்ன உருவில் இருக்கிறது என்பது நீர்க்கும்போது மாறலாம். அசிட்டிக் அமிலத்திலும் இதே கதைதான். வலிமையான அமிலத்தைப் பத்து மடங்கு நீர்த்தால் பிஎச் (அமிலத்தன்மை குறையக் குறைய உயரும் எண்) ஒன்று உயரும். அசிட்டிக் அமிலத்தில் பாதிதான் உயரும், ஏனென்றால் நீர்க்க நீர்க்க அது கூடுதலாகப் பிரிகிறது.

அம்மோனியாப் புட்டியை வெதுவெதுப்பான அறையில் அப்படியே திறக்க வேண்டாம், உள்ளே வாயு அழுத்தம் சேர்ந்திருக்கும். குளிர்வித்து, ஃபியூம் ஹூட்டுக்குள் (ஆவியை வெளியே இழுத்துவிடும் மூடிய மேடை), முகத்தை விலக்கித் திறங்கள். ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் அமிலங்களும் ஃபியூம் ஹூட்டுக்குள்தான். 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் தூசியோ உலோகத் துணுக்கோ விழுந்தால் வேகமாகச் சிதையத் தொடங்கும். மிஞ்சியதைப் புட்டியில் திரும்ப ஊற்றக் கூடாது என்பது இதற்கு இரட்டிப்பாகப் பொருந்தும். ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தையும் பெர்குளோரிக் அமிலத்தையும் இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு தொட வேண்டாம். அவற்றுக்குத் தனிப் பயிற்சியும் தனி ஏற்பாடுகளும் உள்ள இடத்தில், தெரிந்தவர் கூட இருக்கும்போது மட்டும்.

லேபிளில் எழுதும் எண்

அடர் அமிலத்தை நீர்த்துத் தயாரித்தது 0.1 மோலார் ‘அளவில்’ இருக்கும், சரியாக 0.1000 இருக்காது. லேபிளில் உள்ள சதவீதமே தோராயம், புட்டியைத் திறக்கத் திறக்க ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறுகிறது. கந்தக அமிலம் எண்ணெய்போலப் பிசுபிசுப்பாக இருப்பதால் ஜாடிச் சுவரில் ஒரு படலம் தங்கிவிடும். துல்லியம் வேண்டுமென்றால் கனஅளவுக்குப் பதில் எடையைப் பாருங்கள். மேலே சொன்ன 27.2 மி.லி.க்குப் பதில் 50 கிராம் அமிலத்தை எடைபோட்டு எடுக்கலாம். அப்படிச் செய்தாலும் தரப்படுத்தாமல், அதாவது எடைபோட்டு எடுத்த தூய பொருளோடு டைட்ரேஷன் செய்து பார்க்காமல், அந்த எண்ணை நான் நம்புவதில்லை.

தரப்படுத்த, அமிலங்களுக்கு உலர்த்திய நீரற்ற சோடியம் கார்பனேட், சோடியம் ஹைட்ராக்சைடுக்குப் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட், பெர்மாங்கனேட்டுக்குச் சோடியம் ஆக்சலேட். மூன்று ஒத்த அளவீடுகள் கிடைத்த பிறகு அந்த மதிப்பை எழுதுங்கள். 0.0987 என்று வந்தால் 0.0987 என்றுதான் எழுத வேண்டும், 0.1 ஆக்குவதற்காக இன்னும் கொஞ்சம் அமிலம் சேர்ப்பது வீண்வேலை. நேரடியாகத் தூய உப்பை எடைபோட்டுத் தயாரித்த மூலக் கரைசலைப் பிப்பெட்டால் நீர்த்திருந்தால் இதெல்லாம் வேண்டாம், கணக்கில் வந்த எண்ணே போதும்.

லேபிளில் பொருளின் பெயர், செறிவு, தயாரித்த தேதி, தயாரித்தவரின் பெயர், தண்ணீரைத் தவிர வேறு எதனால் நீர்த்திருந்தால் அதுவும். அமிலம், காரம் என்றால் எச்சரிக்கைக் குறியீடும். புட்டியில் ஊற்றுவதற்கு முன்பே லேபிளை ஒட்டிவிடுவது என் வழக்கம். அடையாளம் தெரியாத நிறமற்ற திரவத்தைவிட ஆபத்தான பொருள் ஆய்வகத்தில் இல்லை.

சோடியம் ஹைட்ராக்சைடு பிளாஸ்டிக் புட்டியில் போகட்டும். கண்ணாடியை அது மெல்ல அரிக்கும், தேய்த்த கண்ணாடி மூடியை இறுக ஒட்ட வைத்துவிடும். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், கொதிக்க வைத்து ஆறிய வடிநீரால் நீர்த்து இறுக மூடி வையுங்கள். மிக நீர்த்த உலோகக் கரைசல்களை அன்றன்றைக்குத் தயாரிப்பதே நல்லது. திட்டக் குடுவையைச் சேமிப்புப் புட்டியாக வைத்துக்கொள்ள வேண்டாம், உலர்ந்த சுத்தமான புட்டிக்கு மாற்றிவிடுங்கள். புட்டி ஈரமாக இருந்தால் அந்தக் கரைசலாலேயே கொஞ்சம் விட்டு அலசிக் கொட்டுங்கள்.

இரண்டு மூன்று நாள் நின்ற புட்டியின் மேல்சுவரில் சிறு நீர்த்துளிகள் படிந்திருப்பதைப் பார்க்கலாம். அது கரைசலிலிருந்து ஆவியாகி மேலே ஒட்டிய தண்ணீர், அந்த அளவுக்குக் கீழே செறிவு கூடியிருக்கும். எடுப்பதற்கு முன் புட்டியை மூடியோடு சில முறை கவிழ்த்து நிமிர்த்தி, துளிகள் கரைசலோடு சேர்ந்த பிறகு திறங்கள்.